உச்சியில் ஒதுங்கிய செடிகள்

நிலத்தைப் பூவின் பெயரால் அழைத்தவர் நம் முன்னோர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்பன முதற்கண் செடி, கொடி, மரங்களின் பெயர்கள். அப்பெயர்களே நிலங்களுக்கும் ஆகிவந்தன. ஒரு நிலம் எத்தகையது என்பதை அங்கே இயல்பாக வளர்வதே சொல்லிவிடும் என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. வெம்மை மிகுந்தால் நிலம் தன் பெயரையே இழக்கும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது அன்றோ?

கிள்ளானில் நான் தமிழ் கற்பித்த நாள்களில், ஐந்திணைப் பாடத்தின் இடையே மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மரமே வளராத பனிநாட்டுக்கு நம் புலவர்கள் என்ன திணை வைத்திருப்பார்கள்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கோ அது சிரிப்புக்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. புவியியலில் தூந்திரம் என்று படித்த நிலத்தை அவள் தமிழோடு வைத்து எண்ணிப் பார்த்தாள். அன்று முதல் அந்நிலத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானேன்.

தூந்திரத்தில் மண்ணின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேற்பரப்பு மட்டும் சிறிது இளகும். அந்தச் சில வாரங்களுக்குள் தளிர்த்து, பூத்து, விதைக்க வேண்டும். காற்றுக்கு அஞ்சிச் செடிகள் தரையோடு தரையாகப் படர்கின்றன. பாசியும், கோரையும், நம் சமையலில் சேரும் கல்பாசிக்கு உறவான லைக்கன்களுமே அங்குள்ள செல்வம். பனிமான்களுக்குக் குளிர்காலத்து உணவு அந்த லைக்கன்களே.

இன்று அந்நிலத்தின் குளிர் தளர்ந்து வருகிறது. 1979 முதல் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது. அலாஸ்காவில் 1940களின் இறுதியில் விமானத்திலிருந்து எடுத்த படங்களை, அரை நூற்றாண்டுக்குப் பின் எடுத்த படங்களோடு ஒப்பிட்டார்கள். முன்பு வெறுந்தரையாகத் தெரிந்த இடங்களில் புதர்கள் அடர்ந்திருந்தன. பசுமை பெருகுவது நன்றுதானே என்று தோன்றலாம். ஆயின், உயர்ந்த புதரின் நிழலில் தரையை ஒட்டி வாழும் லைக்கன் நலிகிறது. வெண்பனிக்கு மேலே தலைநீட்டும் கரிய கிளைகள் வெயிலை வாங்கி மேலும் வெப்பம் சேர்க்கின்றன. குளிரை நம்பிய செடி வடக்கே நகரலாம். அங்கே கடல் குறுக்கிடுகிறது.

இது எங்கோ தொலைவில் நிகழ்வது என்று நாம் இருந்துவிட இயலாது. பிரிக்பீல்ட்சில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து, மழை ஓய்ந்த காலைகளில் வடகிழக்கே மலைத்தொடர் தெளிவாகத் தெரியும். சிலாங்கூரும் பகாங்கும் கூடும் எல்லையில், கெந்திங்கை ஒட்டி உயர்ந்து நிற்பது உலு காலி மலை. அதன் உயரம் ஏறத்தாழ 1,770 மீட்டர். உச்சியை ஒட்டி மேகம் தவழும் பாசிக்காடு இருக்கிறது. மண் வளம் குன்றியது. மரங்கள் குட்டையாகி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி போர்த்திருக்கிறது. மண்ணில் கிடைக்காத சத்தைப் பூச்சியிலிருந்து பெறும் குடுவைச் செடி அங்கே உண்டு. மலாய்க்காரர் அதைக் 'குரங்கின் பானை' என்று பொருள்படப் பெரியோக் கெரா என்பர். அவ்வினத்துள் ஒன்று தீபகற்ப மலேசியாவின் உயர்மலைகளில் அன்றி வேறெங்கும் இயற்கையாய் வளர்வதில்லை.

இது தூந்திரம் அன்று, உறைபனியும் இங்கில்லை. எனினும் தட்பத்தை நம்பி உயரத்தில் ஒதுங்கிய உயிர்கள் என்ற அளவில் இரண்டும் ஒன்றே. மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். ஆகவே அடிவாரம் ஒரு பாகை சூடேறினால், பழைய குளிரைத் தேடிச் செடி 160 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேகம் திரளும் உயரமும் கூடக்கூடும். அப்போது பாசி காயும். 1971இல் கெந்திங்கில் முதல் தங்கும் விடுதி திறக்கப்பட்ட பின்னர்ச் சாலைகளும் கட்டடங்களும் அந்தச் சிறு காட்டை முன்பே குறுக்கியுள்ளன. உச்சிக்கு மேல் வானந்தான் இருக்கிறது.

உயிர்கள் இவ்வாறு ஏறுவது வெறும் ஊகம் அன்று. சபாவின் கினபாலு மலையில் 1965இல் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த அதே இடங்களில் 2007இல் மீண்டும் கணக்கெடுத்தனர். அந்த 42 ஆண்டுகளில் அவை சராசரியாக 67 மீட்டர் மேலேறியிருந்தன. கினபாலு 4,095 மீட்டர் உயர்ந்தது. ஏறுவதற்கு இன்னும் இடமுண்டு. உலு காலிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பூச்சிக்குச் சிறகு உண்டு. செடியோ ஒரு தலைமுறைக்கு ஒரு முறை, விதையாகத்தான் நடக்கிறது.

இடம்பெயர்தல் இன்னதென்று என் போன்றோர் அறிவோம். கிள்ளானுக்கு அருகில் நான் பிறந்த தோட்டம் விற்கப்பட்டது. பால்மரங்கள் சாய்ந்தன, லயன் வீடுகள் இடிந்தன, கோயிலும் பள்ளியும் வேறிடம் போயின. என் தந்தையார் பெட்டியும் படுக்கையுமாய்ப் பட்டணத்துக்கு வந்தார். துன்பம் பெரிது; ஆனாலும் போய்ச் சேர ஒரு பட்டணம் இருந்தது. உச்சிச் செடிக்கு அதுவும் இல்லை என்று எண்ணும்போதுதான் நெஞ்சு கனக்கிறது.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். குறிஞ்சி என்று கரும்பலகையில் எழுதுகிறோம். நீலகிரியில் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சியும் உயரத்துக் குளிரை நம்பியதே. செடி அழிந்தபின் சொல் மட்டும் நின்றால், பொருளற்ற ஒலியையே நாம் மாணவருக்குக் கற்பிப்போம். முதல், கரு, உரி என்று நாம் வகுத்துச் சொல்லும் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். முதல் கெட்டால் கரு எங்கே நிற்கும்?

மரமில்லா நிலத்துக்குத் திணைப்பெயர் தேடிய அம்மாணவிக்கு இப்போது நான் இதைத்தான் சொல்வேன்: அந்நிலத்துக்கு உரிய பூவை முதலில் கண்டுகொள், அது நிலைத்திருந்தால் பெயர் தானே வரும். நம் கண்ணெதிரே நிற்கும் மலைக்கு ஒரு முறையேனும் மாணவரை அழைத்துச் செல்வோம். பாசி படர்ந்த கிளையையும் குடுவைச் செடியையும் பறிக்காமல் பார்க்கச் செய்வோம். கண்டதைத் தமிழில் எழுதச் செய்வோம். தான் கண்ட ஒன்றைக் காக்கவே மனிதன் முன்வருகிறான்.