ஷா ஆலாமில் வீடு வாங்கப் போகிறீர்களா?

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது, வலப்புறம் நீலப் பள்ளிவாசல் தெரிகிறதல்லவா? அதுதான் ஷா ஆலாம். முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற சுங்கை ரெங்கம் தோட்டம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது, 2000-இல் மாநகராயிற்று.

இங்கே ஒரு வீடு வேண்டுமென்ற ஆசை நியாயமானதே. ஆனால், விளம்பரப் பலகையைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். 2021 டிசம்பர் மழையில், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலமான தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்துக் கிடந்தார்கள். இதே மாநகரில் மேட்டுப் பகுதிகளும் உண்டு.

ஆகவே, வெயிலில் பார்த்த வீட்டை மழையிலும் போய்ப் பாருங்கள். சுவரில் நீர்க்கறை உண்டா? பக்கத்து வீட்டாரையும் மளிகைக்கடைக்காரரையும் விசாரியுங்கள். நிலம் 99 ஆண்டுக் குத்தகையா, இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று கிராண்டைப் பாருங்கள். சாதாரணத் தீ காப்புறுதி வெள்ளத்திற்கு உதவாது. அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

தோட்டத்து வீடு வேலையோடு போய்விட்டது. சேமநிதிப் பணத்தில் வாங்கும் இந்த வீடு பிள்ளைகளுக்கும் நிற்க வேண்டும். அதற்காக ஒரு மழைநாள் நனைந்தால்தான் என்ன?