இடப்பக்கம் அடங்கிப்போன பாட்டு

சாரல் விழத் தொடங்கினால் தென்காசியில் வேலை கூடுகிறவர்களில் கார் ஆடியோ மெக்கானிக்குகளும் உண்டு. சொன்னவர் டூரிஸ்ட் வேன் ஓட்டும் நண்பர். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறுகிற கூட்டம், ஓயாமல் திறந்து மூடும் கதவு, கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் மழைநீர். சீசன் முடிவதற்குள் ஏதாவது ஒரு பக்கம் சத்தம் அடங்கிவிடும் என்றார். அவர்தான் செங்கோட்டை சாலையில் அப்படியொரு மெக்கானிக்கான அண்ணாச்சியின் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு கார் நின்றது. முன்பக்கம் இடது ஸ்பீக்கரில் சத்தம் குறைவு. வேறொரு கடையில் நாலு ஸ்பீக்கரையும் ஆடியோ செட்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். அண்ணாச்சி முதலில் பேலன்ஸும் ஃபேடரும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தார். "டிரைவர் சீட்டுல உக்காந்தா வலது ஸ்பீக்கர் பக்கத்துல இருக்கும், சத்தம் கூடத்தான் கேக்கும். அதையே கம்ப்ளைன்ட்னு வருதாக. அவுககிட்ட காசு வாங்கமாட்டேன்" என்றார்.

இது அப்படியில்லை. செட்டைக் கழற்றி, வெள்ளை ஒயரையும் சாம்பல் ஒயரையும், அதாவது முன் இடதையும் முன் வலதையும், மாற்றிக் கொடுத்தார். குறை வலப்பக்கம் தாவினால் செட்டில் கோளாறு. இடப்பக்கமே நின்றால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு. இடப்பக்கமே நின்றது. ஸ்பீக்கர் முனையில் மீட்டர் சரியாகக் காட்டியது. செட் முனையில் வைத்தால், கதவை அசைக்க அசைக்க எண் ஏறி இறங்கியது. கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் இழைகள் பாதி அறுந்திருந்தன. 4 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் இன்னொரு 4 ஓம் சேர்ந்தாலே, போய்ச்சேரும் மின்திறன் கால்பங்காகிவிடும்.

அண்ணாச்சி இளவயதில் திருவிழா சவுண்ட் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். குழாய் ஸ்பீக்கர் கட்டினார், ஆம்ப்ளிஃபயர் பிரித்தார், பிறகு வேன்களுக்குக் கேசட் டெக் மாட்டினார். அந்தக் கடை முதலாளி கற்றுக்கொடுத்த கருவி இன்றும் மேசையில் இருக்கிறது: ஒரு பென்சில் பேட்டரி, அதன் இரு முனையிலும் ஈயம் வைத்த சிறு ஒயர்கள். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி வைத்தால் கூம்பு 'டக்'கென்று முன்னே வரவேண்டும். பின்னே போனால் ஒயர் தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக இருந்தால், ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போய் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவார்கள். 1.5 வோல்ட் பேட்டரி அந்தச் செலவை மிச்சப்படுத்துகிறது.

அறுந்த ஒயரை பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசி காப்பர் ஒயர் என்று விற்றிருக்கிறார்கள். காப்பரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை. மடக்கி மடக்கி விரித்தால் சீக்கிரம் முறியும். சாரல் ஈரம் பட்டால் இணைப்பில் அரிக்கும். பொய்ச் சரக்கை விற்றவனுக்கும் லாபம், வண்டியை அவனிடம் அனுப்பி வைத்தவனுக்கும் கமிஷன். இப்படிப்பட்ட கடைக்காரர்கள்தான் அண்ணாச்சியிடம் ஒயர் சேர்த்துக் கொடுக்க ஆளனுப்பி, கூலியில் பேரம் பேசுகிறார்கள். புது செட்டுக்கு விலை உண்டு, புது செட் தேவையில்லை என்று சொல்லும் அறிவுக்கு விலை கிடையாது என்று ஒரு தொழிலை நடத்தினால், நாளைக்கு அந்த அறிவைக் கற்க எந்தப் பையன் வருவான்? பட்டறையில் உதவிக்கு ஆளில்லை. மகன் கோயம்புத்தூரில் வேறு வேலையில் இருக்கிறான்.

நல்ல காப்பர் ஒயரை ரப்பர் குழாய் வழியே இழுத்து, ஈயம் வைத்து, சுருங்கும் டியூபைச் சூடுகாட்டி மூடினார். பிறகு நெடுநேரம் அவர் கவனித்தது ஒயரை அல்ல, தண்ணீர் வரும் வழியை. டோர் பேடுக்குப் பின்னால் முன்பு யாரோ கிழித்துவிட்டுப் போன பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டினார். கதவின் அடியில் மண் அடைத்துக் கிடந்த தண்ணீர்த் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். கூலி 300 ரூபாய். நான் எழுதப்போவது தெரிந்ததும் சொன்னார்: "என்னயப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க சார். கதவைப் பிரிச்சவன் அந்த ஷீட்டைத் திரும்ப ஒட்டுதானான்னு, வண்டிக்காரங்க பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லி எழுதுங்க."