வரிசைப்படுத்தத் தெரியுமா?

மார்ச் 4, 2024, திங்கள்

வேளச்சேரியில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த அறை. இரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. மூன்றாமவள் கோவில்பட்டிக்காரி, போன வருடம் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, வெப் டெவலப்பர் ஆவது என்று முடிவு கட்டி ரயிலேறியவள். அவளுடைய ரெஸ்யூமேயை அறைத்தோழி இன்று சத்தமாக வாசித்தாள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், கிட் என்று திறமைகள் ஒரு நீளப் பட்டியல். அதற்குக் கீழே ப்ராஜெக்ட் இரண்டு: ஒரு டூ-டூ லிஸ்ட், ஒரு கால்குலேட்டர்.

"இதையேதான்டி எல்லாரும் போடுறாங்க" என்றாள் தோழி. "எங்க ஆபீஸ்ல ரெஸ்யூமே பார்க்கிறவர் கால்குலேட்டர்னு பார்த்தாலே அடுத்த தாளுக்குப் போயிடுவார்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் ரெஸ்யூமேயில் உள்ள எதையும் யாரும் கேட்டு அவள் செய்யவில்லை என்பதும் உண்மை.

மார்ச் 13, புதன்

இந்த வாரம் முழுக்கக் கேள்வி மனப்பாடம். ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காகப் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் இன்றுவரை மொழியில் இருக்கின்றன. இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு அவைதான் அல்வா. நல் என்ற வெற்று மதிப்பின் வகை என்னவென்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று மொழி பதில் சொல்லும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். (இந்தப் பழி மட்டும் ஐக்கின் தலையில் விழக் கூடாது, தசமங்களை இரும எண்களாகச் சேமிக்கும் முறையிலேயே உள்ள சிக்கல் இது. பைத்தானிலும் இதே விடைதான்.) 1, 9, 10 என்ற எண்களை வெறும் சார்ட் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் 1, 10, 9 என்று வந்து நிற்கும். எண்களை எழுத்துகளாக மாற்றி, முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிடுவதால் வரும் வினை அது.

கேள்வி, பதில் இரண்டையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். பிளஸ் டூவில் கரிம வேதியியல் படித்த அதே முறை.

மார்ச் 19, செவ்வாய்

முதல் தொலைபேசி இன்டர்வியூ, மொத்தமும் பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. க்ளோஷர் என்றால் என்ன என்று கேட்டார்கள். நோட்டில் இருந்த வரியைச் சொன்னாள். "சரி, எங்கே பயன்படுத்தினீங்க?" என்று அடுத்த கேள்வி. அவ்வளவுதான், வாய் கட்டிக்கொண்டது.

இரவு தோழி ஒரு யோசனை சொன்னாள்: கணினியே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல முதலில் தமிழில் சத்தமாக விளக்கு; அப்புறம் ஆங்கிலத்துக்குப் போ. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் சென்னையின் சிறு நிறுவனங்களில் பாதி இன்டர்வியூ கலப்பு மொழியில்தான் நடக்கிறது. 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' தாண்டிவிட்டால் பேச்சு தானாகத் தமிழுக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் ஆங்கில வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

நாளை பங்குனி உத்திரம். குலதெய்வம் கும்பிட நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்துவிட்டாள். அத்தையின் தையல் கடையில் திருவிழாக் கூட்டம். "என் ரவிக்கை ஆச்சா?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை ஒரு நீள நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அளவு ஒரு பக்கம், முன்பணம் ஒரு பக்கம், கொடுக்க வேண்டிய தேதி அட்டையின் உள்பக்கம்.

"இதை போன்ல பாக்கிற மாதிரி செஞ்சு தரட்டா அத்தை?"

"செய்யேன்ட்டி. ஆனா நோட்டை எடுத்துட்டுப் போயிராத."

ஏப்ரல் 5, வெள்ளி

ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு. வேலை உறுதியாம், பயிற்சிக் கட்டணமாக முதலில் பதினைந்தாயிரம் கட்டி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். வேலை கொடுப்பவர்தான் சம்பளம் தர வேண்டும், பணம் எதிர்த்திசையில் போனால் அது வேலை அல்ல. எண்ணை பிளாக் செய்தாள்.

அதே மாலையில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆன்லைன் தேர்வு. ரயில் பாலத்தைக் கடக்க எவ்வளவு நேரம், இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்ப எவ்வளவு நேரம். மொத்தமாக ஆள் எடுக்கும் இடங்களில் இந்த ரயிலும் தொட்டியும் ஓய்வதே இல்லை. இதற்குப் பயிற்சி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இதுவே முழுத் தயாரிப்பு என்று நினைப்பது தவறு.

ஏப்ரல் 16, செவ்வாய்

அத்தையின் கடைக்கான பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. கூடவே புகார்களும்.

முதல் புகார்: பில் எண் 10, 9க்கு முன்னால் வருகிறது. மார்ச் மாதம் நோட்டில் அடிக்கோடு போட்ட அதே பிழை. பில் எண்ணை எழுத்தாகச் சேமித்திருந்தாள்.

இரண்டாவது இன்னும் ருசியானது. "ஏட்டி, ஜெயந்தியை எங்க கொண்டுபோய் வச்சிருக்க?" அத்தையின் நோட்டில் ஜெயந்தி, ஸ்டெல்லா, ஹேமா எல்லாரும் கடைசிப் பக்கங்களில் இருப்பார்கள். திரையில் ஜெயந்தி, செல்விக்கும் ஞானத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். மலர்விழிக்கு முன்பாகவே மனோன்மணி வந்துவிட்டாள்.

தேடியபோது காரணம் கிடைத்தது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் அடுக்கு நம் நெடுங்கணக்குப்படி இல்லை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி என்ற பழைய தரத்தின் வரிசை அது. அதனால் ஜ, ச-வை அடுத்து வருகிறது. ன, ந-வின் பக்கத்திலும் ற, ர-வின் பக்கத்திலும் இருக்கின்றன. சாதாரண சார்ட் அந்தக் குறியெண்களைத்தான் ஒப்பிடும். அகராதி அதற்குத் தெரியாது. லோக்கேல்கம்பேர் என்ற செயலிடம் 'டிஏ', அதாவது தமிழ், என்று சொல்லிவிட்டால் சரியான வரிசை வரும். ஒரே வரி மாற்றம். அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு.

மூன்றாவது: பெயர்ப் பெட்டியில் பத்து எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தாள். 'மீனாட்சி' நான்கெழுத்துதானே என்று நாம் நினைப்போம். துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எட்டு. 'மீனாட்சியம்மாள்' பாதியிலேயே அறுந்து நின்றாள்.

ஏப்ரல் 24, புதன்

பெருங்குடியில் ஒரு சிறிய நிறுவனம், நேரடி இன்டர்வியூ. போகும் வழியில் அவளுக்கு மேக்ஸ் ஹோவல் நினைவு. மேக் கணினிக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூ என்ற கருவியை எழுதியவர் அவர். கூகுள் இன்டர்வியூவில், வெள்ளைப் பலகையில் ஒரு பைனரி மரத்தைத் தலைகீழாக்க முடியாததால் தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என 2015இல் ட்விட்டரில் எழுதினார். உலகமே சண்டை போட்டது. ஹோவலுக்கே அந்தக் கதி என்றால் என்று நினைக்க அவளுக்கு வயிறு கலங்கியது.

இங்கே மரம் எதுவும் வரவில்லை. முதல் கேள்வி ஃபிஸ்பஸ்: 1 முதல் 100 வரை எழுது, மூன்றின் மடங்குக்கு ஒரு சொல், ஐந்தின் மடங்குக்கு இன்னொன்று, இரண்டுக்கும் பொதுவானால் இரண்டும். எளியதுதான், ஆனால் இதையே எழுதத் தெரியாமல் வருகிறவர்கள் உண்டு என்பதால் பல ஆண்டுகளாக வடிகட்டியாக நிற்கிறது. அடுத்து 401க்கும் 403க்கும் என்ன வித்தியாசம். நீ யார் என்றே தெரியாது என்பது முதலாவது. யார் என்று தெரியும், ஆனாலும் உள்ளே விட மாட்டேன் என்பது இரண்டாவது. அவள் தமிழிலேயே இப்படிச் சொல்ல, எதிரில் இருந்த பெண் சிரித்துவிட்டார்.

பிறகு தையல் கடைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

"பேரெல்லாம் எப்படி சார்ட் பண்றீங்க?"

ஜெயந்தியின் கதை முழுதும் வந்தது. நோட்டு, அத்தை, இஸ்கி, மனோன்மணி எதையும் விடவில்லை.

"சரி. கஸ்டமர் ஐயாயிரம் பேர் ஆயிட்டா?"

"தெரியல மேடம். டாக்குமென்டேஷன் பார்த்துச் சொல்லட்டுமா?"

"பாருங்க."

எம்.டி.என். என்ற ஆவணத் தளத்தைத் திறந்து தேடினாள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் லோக்கேல்கம்பேரை அழைப்பதைவிட, இன்ட்ல் கொலேட்டர் என்ற பொருளை ஒருமுறை உருவாக்கி வைத்து அதைக் கொண்டு ஒப்பிடுவது வேகம் என்று போட்டிருந்தது. வாசித்து, மாற்றி, ஓட்டிக் காட்டினாள். தெரியாததைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் இந்த முறைக்கு, பலகைத் தேர்வைவிட மதிப்பு அதிகம். அலுவலகத்தில் தினமும் நடப்பது அதுதானே.

மே 9, வியாழன்

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். கோவில்பட்டியில் அதற்குள் 'மாசம் முப்பதாயிரம்' என்று செய்தி பரவிவிட்டது.

கணக்கைத் தோழி போட்டுக் காட்டினாள். அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவள் பங்கு பி.எஃப். அதே 1,800ஐ நிறுவனமும் கட்டும். ஆனால் அதுவும் அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கிராஜுவிட்டி என்று அடிப்படையில் 4.81 சதவீதம், சுமார் 721. மிச்சம் 25,700க்குக் கொஞ்சம் கீழே. தொழில் வரி கழியும் மாதத்தில் இன்னும் குறையும். பி.எஃப். அவள் பணம்தான், எங்கும் போய்விடாது. கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் நின்றால்தான் கைக்கு வரும். முதல் வேலைக்குச் சேர்கிறவர்கள் கையெழுத்துக்கு முன் இந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிப்பது அபூர்வம். இடையில் வேலையை விடக் கூடாது என்ற பாண்டு ஏதும் உண்டா என்றும் அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. ஆறு மாதம் தகுதிகாண் காலம் மட்டும்.

ஜூன் 7, வெள்ளி

சேர்ந்த முதல் வாரம் முடிந்தது. திங்களன்று லேப்டாப், செவ்வாயன்று கடவுச்சொற்கள், அப்புறம் வாசிப்பு மட்டும். வேறு யாரோ எழுதிவிட்டுப் போன கோப்புகள். எதற்கு இது என்று கேட்டால், "அவர் பேப்பர் போட்டுட்டார்" என்கிறார்கள். இதற்கு எந்தக் கேள்வி-பதில் நோட்டிலும் பயிற்சி இல்லை.

இன்று முதல் வேலை வந்தது. பதிவுப் படிவத்தில் பின்கோடுப் பெட்டிக்கு லேபிள் இல்லாததால், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அது என்ன பெட்டி என்றே தெரியவில்லை. லேபிள் சேர்த்து அனுப்பினாள். சீனியர் ஒருவர் ரிவ்யூவில் நான்கு குறிப்புகள் எழுதித் திருப்பிவிட்டார்: லேபிளைப் பெட்டியோடு ஐடி கொடுத்து இணைக்க வேண்டும், கமிட் செய்தியில் 'சேஞ்சஸ்' என்று மட்டும் எழுதக் கூடாது, ஒரு வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, இதே குறை முகவரிப் பெட்டியிலும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்கவும். முதல் மூன்றை மாலைக்குள் முடித்தாள். முகவரிப் பெட்டி திங்கட்கிழமைக்கு.