வில்லங்கம் என்று சொல்லப்படுகிறவள்

வீட்டுத் தரகு ஆண்கள் செய்கிற தொழில் என்றுதான் எங்கள் பகுதியில் இன்னும் நினைக்கிறார்கள். தாம்பரத்தைச் சுற்றிப் பதினான்கு வருடங்களாக வீடு காட்டிவருகிறேன். இன்றைக்கும் போனை எடுத்தால் "சார் இல்லீங்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. "சாரும் நான்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

வாங்க வருகிறவர்களுக்கு முதலில் காகிதங்களைப் பார்க்கச் சொல்வேன். மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது. அடுக்குமாடியாக இருந்தால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். வங்கி கடன் தருகிறது என்பதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சொந்தமாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள் என்பேன். இதெல்லாம் எந்த நல்ல தரகரும் சொல்கிற விஷயம்தான்.

நான் கூடுதலாக ஒன்று கேட்பேன். இந்தப் பேச்சுவார்த்தைக்கு யார் வரவில்லை?

பெரும்பாலும் வராதவள் வீட்டின் மகளாக இருப்பாள். அண்ணன் தம்பிகள் வந்து உட்கார்ந்து விலை பேசுவார்கள். வாரிசு சான்றிதழில் அவள் பெயர் இருக்கும். கேட்டால், "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. கூப்பிட்ட அன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டுருவா" என்பார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பேச்சு உண்டு: "பொம்பளப் புள்ளைங்க இருக்கிற சொத்து, வில்லங்கம் ஜாஸ்தி." மகன் வாரிசாக இருந்தால் உரிமை, மகள் வாரிசாக இருந்தால் வில்லங்கம்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற தூரம்தான் செங்கல்பட்டு. ஆனால் அந்தத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த வேறுபாடும் போனது. அப்பா சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்துபோன சொத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்கு மகனோடு சமபங்கு இருக்கிறது. இதைச் சொன்னால் படித்த பெண்களே, "அப்படியா அக்கா?" என்று கேட்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. அப்பா கட்டியது, உயில் இல்லை. அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று நான்கு வாரிசுகள். பேசிய விலை அறுபது லட்சம். மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை மகன்கள் இரண்டாகப் பிரித்துக்கொள்வதாகத் திட்டம். அந்தப் பெண்ணிடம் நான் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "வாங்குறவங்க வக்கீல் கேப்பாரு, தம்பி" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவளிடம் கணக்கை மட்டும் சொன்னேன். நான்கில் ஒரு பங்கு, பதினைந்து லட்சம். விடுதலைப் பத்திரத்தில் 'மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதியிருக்கும், பதிவாகிவிட்டால் திரும்பக் கேட்பது லேசில்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பங்கு கேட்டா அம்மா வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுக்கா. என் புள்ளைக்குத் தாய்மாமன் வேணாமா?" என்றாள். அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. "கொடுக்கிறதும் உன் இஷ்டம், வாங்கிக்கிறதும் உன் இஷ்டம். என்ன கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் அண்ணன் போன் செய்து, குடும்பத்தைப் பிரிக்கிற தரகர் தங்களுக்கு வேண்டாம் என்றார். வேறு ஆள் மூலமாக வீடு விற்றுப்போனது. எனக்கு வரவேண்டிய கமிஷனும் போனது. இரண்டு மாதம் கழித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தேன். விடுதலைப் பத்திரம் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. கிரயப் பத்திரத்தில் விற்பவர்கள் என்று நான்கு பெயர்கள் இருந்தன. நான்காவது அவள். வாசற்படி திறந்திருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்று சொல்லாது.

வாங்குகிற பக்கமும் பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் வருவார்கள். சமையலறை எப்படி என்று அவளிடம் கேட்பார்கள், விலையை அவனிடம் பேசுவார்கள். வீட்டுக் கடன் அதிகமாகக் கிடைக்க வேண்டும் என்று அவள் சம்பளத்தையும் காட்டி அவளை இணைக் கடன்தாரராகச் சேர்ப்பார்கள். பத்திரத்தில் அவள் பெயர் இருக்காது. கடனைக் கட்டும் பொறுப்பு இருக்கும், வீட்டில் பங்கு இருக்காது. ஆகவே வரைவுப் பத்திரம் வந்ததும், "வாங்குபவர் என்கிற இடத்தில் யார் பேரு இருக்குன்னு ரெண்டு பேரும் வாசிங்க" என்பேன். சிலர் அப்போதே மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் என்னை முறைக்கிறார்கள்.

2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைகிறது. அதற்காக மனைவி பெயரில் பதிய வருகிறவர்களை வரவேற்கிறேன். அந்த மனைவியிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: "பத்திரம் எந்தப் பீரோவில் இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கோம்மா. ஒரு நகல் உன்கிட்ட இருக்கட்டும்."

இதை வாசிக்கிற மாணவிகளுக்கும் அதையே சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பத்திரத்தை எடுத்து அம்மாவோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். அதற்குத் தரகர் தேவையில்லை.