வளர்க்கிறவள் பெயரில்

ஊரில் பிள்ளை பெறச் சொல்லும் காலம் திரும்பி வந்திருக்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, மக்கள் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் மு.க. ஸ்டாலின் ‘பதினாறும் பெற்று’ என்ற பழைய வாழ்த்தை நினைவுபடுத்திப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்கள் தள்ளிப்போடாமல் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று நேராகவே சொல்லிவிட்டார். மக்கள்தொகை அடிப்படையிலான தொகுதி மறுவரையறையில் தமிழகம் இடங்களை இழந்துவிடும் என்ற கவலையில் பிறந்த பேச்சு அது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே தண்டிக்கப்படக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் ஆற்றாமை வேறு. இத்தனை மேடைகளிலும் அந்தப் பிள்ளைகளை வளர்க்கப்போவது யார் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. மறுமணத்துக்குப் பின் பிறந்த தன் பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு கேட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உண்டு என்று சொல்லி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது அவருக்குக் கிடைத்தது. சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கே இந்த நிலை. வேலையை விட்டுவிட்டு மூன்று பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவளைப் பற்றிச் சட்டம் பேசுவதே இல்லை. ஊர் மட்டும் பேசும், ‘வீட்டுல சும்மாதானே இருக்கா’ என்று.

கனடாவில் வாழும் எனக்கு இந்த நாட்டோடு வழக்குகள் நிறைய உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் இந்த நாட்டைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இங்கே குழந்தைக்கென்று அரசு தரும் பணம் அம்மாவின் பெயரில் வருகிறது. தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால், வளர்ப்பில் முதல் பொறுப்பு தாயுடையது என்றே வருமான வரித்துறை எடுத்துக்கொள்கிறது. அப்பாவின் பெயரில் வர வேண்டுமென்றால் அம்மா கையெழுத்திட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஓராண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அதிகபட்சம் 7,997 டாலர்; குடும்ப வருமானம் ஏற ஏற இது குறையும். மூன்றாவது பிள்ளை என்று யாரும் முகம் சுளிப்பதில்லை, முதல் பிள்ளைக்கு என்ன கணக்கோ அதேதான். இந்தப் பணம் வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கணவர் மட்டும் வரிக் கணக்கு கொடுத்தால் போதாது. ஒரு காசு சம்பாதிக்காத மனைவியும் ஆண்டுதோறும் தன் பெயரில், தன் சமூகக் காப்பீட்டு எண்ணில், தனியாகக் கணக்கு கொடுக்க வேண்டும். சம்பளம் என்ற வரியில் பூஜ்யம், வட்டி என்ற வரியில் பூஜ்யம், கீழே அவள் கையெழுத்து. பூஜ்யமே எழுதினாலும் அரசின் பதிவேட்டில் அவள் ஒரு ஆள். கணவரின் ரேஷன் கார்டில் இரண்டாவது வரியாகவே வாழ்ந்து முடித்த நம் அம்மாக்களை நினைத்தால், இதன் கனம் புரியும்.

பணக்கார நாடு, வரியும் அதிகம், நமக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்பார்கள். இந்த ஏற்பாடு தொடங்கியது 1945-இல், போர் முடிந்துகொண்டிருந்த ஆண்டில். அப்போது தந்தது குழந்தையின் வயதைப் பொறுத்து மாதம் 5 முதல் 8 டாலர். கியூபெக் மாகாணத்தில் அதைக்கூட அப்பாக்களின் பெயரில் அனுப்பத்தான் முதலில் முடிவானது. தெரேஸ் காஸ்கிரேன் என்ற பெண்மணி முன்னின்று போராடி அதை அம்மாக்களின் பெயருக்கு மாற்றவைத்தார். தொகை சிறிதாக இருந்தபோதே, அது யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பெண்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை, மாதம் 1,000 ரூபாய்தானே, ஓட்டுக்குக் காசுதானே என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்த வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் விழுவது எளிய காரியமில்லை. அதை ஒரு தமிழச்சியாக எங்கும் தலைநிமிர்ந்து சொல்வேன். அதில் குறையும் உண்டு. குடும்ப அட்டைக்கு ஒருவர் என்ற கணக்கில், மூன்று கைக்குழந்தைகளோடு திண்டாடுகிறவளுக்கும் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கும் தொகை ஒன்றுதான்.

பெண்கள் கையில் காசு போனால் வீணடிப்பார்கள் என்ற குரல் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 2005 டிசம்பரில் இங்கே தேர்தல் நேரம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 டாலர் தருவோம் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பர். பிரதமர் பால் மார்ட்டினின் செய்தித் தொடர்பு இயக்குநர் ஸ்காட் ரீட் தொலைக்காட்சியில், பெற்றோர் அதை பியருக்கும் பாப்கார்னுக்கும் செலவழித்துவிடுவார்கள் என்ற பொருளில் பேசினார். நாடே கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் அவர் கட்சி தோற்றது. அந்தப் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்தும் அதை இங்கே யாரும் மறக்கவில்லை. நம் ஊரில் இதைவிட மோசமாகப் பேசியவர்கள் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சொத்து விஷயத்தில் கனடா நம்மைவிட ஒன்றும் உத்தமமாகத் தொடங்கவில்லை. அல்பர்ட்டாவில் கணவரோடு பண்ணையில் உழைத்தவர் ஐரீன் மர்டாக். தீவனப் புல் அறுத்தார், டிராக்டர் ஓட்டினார், மாடுகளுக்கு ஊசி போட்டார், சூடு வைத்தார். கணவர் ஆண்டில் ஐந்து மாதம் வெளிவேலைக்குப் போய்விடுவார். பிரியும்போது ஐரீன் பண்ணையில் பங்கு கேட்டார். பண்ணைக்காரரின் மனைவி எவரும் செய்கிற வேலைதான் இது என்று சொல்லி 1973-இல் கனடா உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. நீதிபதி போரா லாஸ்கின் ஒருவர் மட்டும் மாறுபட்டார். நாடெங்கும் பெண்கள் எழுப்பிய கோபத்தில் அடுத்த சில ஆண்டுகளிலேயே மாகாணம் மாகாணமாகச் சட்டங்கள் திருத்தப்பட்டன. இன்று ஒன்ராறியோவில் மணவாழ்வில் சேர்ந்த சொத்தின் மதிப்பு, பிரிவின்போது இருவருக்கும் சமமாகக் கணக்கிடப்படுகிறது. வீட்டில் இருந்தவள் என்ன கொண்டுவந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. கணவர் சவூதியில் பல ஆண்டுகள் சம்பாதிக்க, மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்த வழக்கு அது. அவர் அங்கே சம்பாதிக்க முடிந்ததே இவர் இங்கே குடும்பத்தைத் தாங்கியதால்தான் என்று ஏற்று, சொத்துகள் சிலவற்றில் மனைவிக்குச் சரிபாதி உரிமை தந்தார் நீதிபதி. வளைகுடாவுக்கு ஆளனுப்பிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் கதையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு தீர்ப்பாகவே நிற்கிறது. கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர இந்தியாவில் எங்கும் அதற்குச் சட்டமில்லை.

ஓய்வூதியத்துக்கு வருகிறேன். இங்கே உழைப்பவர்கள் பணம் கட்டிச் சேர்க்கும் கனடா ஓய்வூதியத் திட்டத்தில், பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை தாய் வேலையின்றியோ குறைந்த சம்பளத்திலோ கழித்த மாதங்களைச் சராசரிக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்தடுத்து மூன்று பிள்ளை பெற்றவளுக்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்கூட இப்படிக் கழியும். அவை அவளுடைய ஓய்வூதியத்தைக் கீழே இழுக்காது. ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவளுக்கு இதனால் பயன் இல்லை. ஆனால் அவளுக்கு முதியோர் ஓய்வூதியம் இருக்கிறது. நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளை வைத்து, 65 வயதில் அவள் பெயரிலேயே வரும். பத்தாண்டு இருந்தால் ஒரு பங்கு, நாற்பதாண்டு இருந்தால் முழுத்தொகை, மாதம் 700 டாலருக்கு மேல். ஊரில் பல இல்லத்தரசிகள் அறிந்த பென்ஷன் ஒன்றுதான், அரசு உத்தியோகத்தில் இருந்த கணவர் இறந்தபின் வருவது. தாலியை இழந்தால்தான் ஒரு பெண்ணுக்குப் பென்ஷன் என்ற ஏற்பாட்டை இத்தனை காலம் எப்படிப் பொறுத்துக்கொண்டோம் என்று தெரியவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்த நாடு தாயைத் தாங்குகிறது என்று நான் எழுதினால் பொய். கணக்கில் தாங்குகிறது, கையால் தாங்குவதில்லை. ஜனவரி மாதத்துக் காலை எட்டே கால் மணிக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோ அடுக்ககம் எதையாவது எட்டிப் பாருங்கள். நான்கு வயதுக்காரிக்குப் பள்ளி, கூட இரண்டு வயதுக்காரனும் கைக்குழந்தையும். முதலில் பனிக் கால்சட்டை, பிறகு பூட்ஸ், பிறகு ஜாக்கெட், கழுத்துத் துணி, தொப்பி, கடைசியில் கையுறை. வரிசை மாறினால் கழற்றி மறுபடி போட வேண்டும். எல்லாம் போட்டு முடித்தபிறகு ஒரு பிள்ளைக்கு மூத்திரம் வரும். கைக்குழந்தையை கார் இருக்கையில் கட்டும்போது தடித்த ஜாக்கெட் இருக்கக் கூடாது, பட்டை இறுகாது. அதைக் கழற்றி, கட்டி, மேலே போர்வை போட வேண்டும். பள்ளி வாசலில் சின்னவர்கள் இருவரையும் காரில் விட்டுவிட்டு மூத்தவளை மட்டும் கொண்டுபோய்விடவும் முடியாது. பிற்பகலில் மறுபடி இதே படை திரள வேண்டும், ஏனென்றால் அந்த வயதுக் குழந்தையைப் பெரியவர் கையில் ஒப்படைத்துத்தான் அனுப்புவார்கள். நம் தெருவில் ‘அக்கா, பாப்பா தூங்குறா, ஒரு எட்டு பாத்துக்கிறீங்களா’ என்ற ஒரு குரலில் முடிகிற வேலை. மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அதில் நிலக்கடலை வாசம்கூட இருக்கக் கூடாது. பள்ளி உணவுக்கென்று தேசிய அளவில் ஒரு திட்டத்தை இந்த நாடு 2024-இல்தான் அறிவித்தது. காமராசர் 1956-இலும் எம்.ஜி.ஆர். 1982-இலும் செய்ததும், 2022-இல் காலை உணவாக வளர்ந்ததும் ஏழைப் பிள்ளைகளின் பசிக்காக. அவை கோடிக்கணக்கான தாய்மார்களின் விடியற்காலையையும் மீட்டுக்கொடுத்தன. இந்த ஒன்றில் கனடா நம்மிடம் பாடம் கேட்க வேண்டும்.

அடுத்தடுத்துப் பெறுகிறவளை இந்த நாட்டுச் சட்டம் தண்டிக்கும் இடமும் ஒன்று உண்டு. உதவித்தொகையோடு மகப்பேறு விடுப்பு வேண்டுமென்றால் 600 மணி நேரம் வேலை செய்து வேலைக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். முதல் பிள்ளைக்காக ஓராண்டு விடுப்பில் இருந்தவள், வேலைக்குத் திரும்பிப் போதிய மணிநேரம் சேர்க்குமுன் மறுபடி கருவுற்றால், இரண்டாவது பிரசவத்துக்கு ஒன்றும் கிடைக்காது. புதிதாகக் குடியேறி வேலை கிடைக்காதவளுக்கும் அப்படியே. டே கேர் மானியமும் டே கேரில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும். ஒன்ராறியோவில் நாளொன்றுக்கு 22 டாலர் உச்சவரம்பு என்றாலும், மூன்று குழந்தைகளுக்கு 66 டாலர், மாதத்துக்கு 1,400 டாலர் தாண்டும். அதற்கும் காத்திருப்புப் பட்டியல் நீளம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலர் வேலையை விடுகிறார்கள். வேலையை விட்டது அவளுடைய விருப்பம் என்று சொல்வது எளிது.

பிள்ளை வளர்ப்புக்கு அரசு பணம் தந்தால் பெண்களை மறுபடி அடுப்படியில் கட்டிப்போட்டதாகாதா என்று பெண்ணியத் தோழிகள் கேட்பார்கள். மதிக்கத்தக்க கேள்வி. வீட்டில் இருந்தால் மட்டும் பணம் என்றால் அந்த அச்சம் சரி. இங்குள்ள தொகை அவள் வேலைக்குப் போகிறாளா என்று கேட்பதில்லை. போகிறவளுக்கும் உண்டு, போகாதவளுக்கும் உண்டு. பெண்ணைக் கட்டிப்போடுவது கையில் காசில்லாமையும் கணக்கில் வராமையும்தான். நமக்குக் கூட்டுக் குடும்பம் இருக்கிறதே, அரசு எதற்கு என்பது இன்னொரு பக்கத்துப் பேச்சு. அந்தக் கூட்டுக் குடும்பம் என்பது இன்னொரு பெண்ணின் சம்பளமில்லாத உழைப்பு. டொராண்டோவின் தமிழ் வீடுகளுக்கு, பெற்றோருக்கான சூப்பர் விசாவில் வரும் அம்மாக்களையும் அம்மம்மாக்களையும் பாருங்கள். ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீட்டைப் பிள்ளைகள் வாங்கிக் காட்டியபின் வருகிறார்கள், மொழி தெரியாத ஊரில், வெளியே கால்வைக்க முடியாத குளிரில், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து வளர்க்கிறார்கள். இந்த நாட்டின் கணக்கில் அவர்கள் வெறும் வருகையாளர்கள். நாம் பெருமையாகச் சொல்லும் குடும்ப அமைப்பு, ஒரு தலைமுறைப் பெண்களின் சுமையை மறு தலைமுறைப் பெண்களின் முதுகில் ஏற்றுகிறது. பாசத்தோடு சுமக்கிறார்கள் என்பதால் அது சுமை இல்லை என்றாகிவிடாது.

ஆகவே எல்லாம் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பிள்ளைகளை வளர்த்த சாஸ்கட்டூன் பெண்மணி காரல் லீஸ் படிவத்தை நிரப்ப மறுத்தார். கூலி வாங்காததால் தான் வேலையே செய்யவில்லை என்று எழுத அவர் ஒப்பவில்லை. தண்டனை வரலாம் என்று தெரிந்தே மறுத்தார், பிற பெண்களையும் திரட்டினார். 1996 கணக்கெடுப்பில் வீட்டு வேலைக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்ற கேள்விகள் சேர்ந்தன. 2006 வரை இருந்த அவற்றை 2011-இல் நீக்கிவிட்டார்கள். இந்த நாட்டின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை அது. இந்தியாவில் 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்ததை உச்ச நீதிமன்றமே 2010-இல் கண்டித்தது. 2021-இல் அதே நீதிமன்றம் எடுத்துக்காட்டிய அரசுக் கணக்கின்படி, வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. மாதிரி ஆய்வில் இவ்வளவு தெளிவாக எண்ண முடிந்ததை வீடு வீடாக எண்ணவும் முடியும். அடுத்த கணக்கெடுப்பின் தேதி 2027 மார்ச் 1. கூடுதல் பிள்ளை கேட்கும் தலைவர்கள் தில்லியிடம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியை. நாற்பது மக்களவை எம்.பி.க்கள் நமக்கு அங்கே இருக்கிறார்கள், புதுச்சேரியையும் சேர்த்து.