கிர்க் ஏன் சுடலை?

ஸ்டார் ட்ரெக் பழைய எபிசோடுகளை மறுபடியும் போட்டுப் பார்த்தா முதல் பத்து நிமிஷம் சிரிப்புதான் வருது. வர்ணம் அடிச்ச பாறைங்க, கப்பல்ல அடி விழுந்தா கேமராவை ஆட்டிட்டு எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கமா சாயறது... 2006-ல கணினி வரைகலை சேர்த்துப் புதுப்பிச்சாங்களே, அதுலயும் கப்பலும் கிரகமும்தான் பளபளன்னு ஆச்சு. பாறை இன்னும் அதே பாறைதான் :-)

எண்பதுகள்ல தூர்தர்ஷன்ல இதைப் பார்த்தப்போ எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஸ்பாக்கோட காது, அப்புறம் ஃபேஸர் துப்பாக்கி. இங்கிலீஷ் பாதி புரியாது. யார் யாரைச் சுடறாங்கன்னு தெரிஞ்சா போதும். இப்போ முதல் சீசனை வரிசையா பார்த்துட்டு வர்றேன். ஒண்ணு உறைச்சுது. இதுல உருப்படியான எபிசோடுகள்ல கதை திரும்பற இடம், கேப்டன் கிர்க் சுடாம நிக்கிற இடமா இருக்கு.

(கதை முடிவெல்லாம் சொல்லப்போறேன். 1967-ல வந்ததுக்கு இதுக்கு மேல எச்சரிக்கை குடுக்க முடியாது!)

ஸ்டார் ட்ரெக்னா எல்லாரும் ஜீன் ராடன்பெர்ரியைத்தான் சொல்வாங்க. படைச்சவர் அவர்தான், சரி. ஆனா முதல் சீசன் பாதியில தயாரிப்பாளரா உள்ளே வந்தவர் ஜீன் கூன். இவரும் எழுத்தாளர்தான். க்ளிங்கான்களை உருவாக்கினவரும் இவரே. 1973-லயே இறந்துட்டதால, பின்னாடி இந்தத் தொடருக்குக் கிடைச்ச பெரிய புகழை அவர் பார்க்கலை. 1967 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள அவர் பேர்ல வந்த நாலு எபிசோடைப் பாருங்க. நாலும் ஒரே விஷயத்தைச் சுத்திச் சுத்தி வருது.

முதல்ல 'அரீனா'. எல்லையில இருக்கிற மனுஷக் குடியிருப்பை யாரோ அழிச்சுடறாங்க. கிர்க் துரத்திக்கிட்டு ஓடறார். அழிக்காம விடமாட்டேன்னு நிக்கிறார். மெட்ரான்னு ஒரு மேம்பட்ட இனம் குறுக்கே வந்து, கிர்க்கையும் எதிரிக் கப்பலோட தலைவனையும் ஒரு பாலைவனக் கிரகத்துல இறக்கி விட்டு, நீங்களே அடிச்சுத் தீர்த்துக்கோங்கன்னு சொல்லிடுது. அந்த எதிரிதான் கார்ன். ரப்பர் உடுப்புல, பல்லி மூஞ்சியோட, நிதானமா நடந்து வருவாரே, அவரேதான். கந்தகம், வெடியுப்பு, கரி மூணையும் கலந்து, மூங்கில் மாதிரி ஒரு குழாயில வைரக்கல்லை அடைச்சு, கையாலயே பீரங்கி செஞ்சு அடிப்பார் கிர்க். கார்ன் விழுந்துடும். கல்லுக்கத்தியைக் கழுத்துல வெச்ச கிர்க், குத்தலை. ஒருவேளை நாமதான் அவங்க இடத்துல போய்க் குடியேறிட்டோமோன்னு அந்த நேரத்துல தோணுது அவருக்கு.

ஃப்ரெட்ரிக் பிரவுன் 1944-ல எழுதின சிறுகதைதான் இதுக்கு அடிப்படைன்னு பேர் போட்டிருப்பாங்க. அந்தக் கதையில மனுஷன் எதிரியைக் கொன்னுடுவான். உலகப்போர் நடந்துக்கிட்டிருந்தப்போ வந்த கதை அது. கூன் முடிவை மாத்தினது, வியட்நாம்ல லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்ங்க இருந்த 1967-ல.

அடுத்தது 'தி டெவில் இன் தி டார்க்'. சுரங்கத்துக்குள்ள ஏதோ ஒரு ஜந்து 50 பேரைக் கொன்னிருக்கு. கண்டதும் சுடுன்னு கிர்க் உத்தரவு. ஸ்பாக் மட்டும் இது சிலிக்கான் உயிரா இருக்கலாம், இந்த இனத்துல இதுதான் கடைசியா இருக்கலாம், உயிரோட பிடிக்கலாமேன்னு இழுக்கிறார்.

இந்த முறைதான் ஒண்ணைக் கவனிச்சேன். பாறை சரிஞ்சு கிர்க் தனியா அந்த ஜந்து முன்னாடி மாட்டிக்கிட்டதும், ரெண்டு பேரும் இடம் மாறிடறாங்க. ‘உடனே கொல்லுங்க கேப்டன்’னு பதறுறது ஸ்பாக். துப்பாக்கியை இறக்கறது கிர்க். நண்பனுக்கு ஆபத்துன்னதும் தத்துவம் எல்லாம் பறந்து போகுது. எதிர்ல நிக்கிறது சும்மா நிக்குதேன்னு பார்த்தவருக்கு அடுத்த கேள்வி வருது. யாருமே வசனமா விளக்கலை, அப்படியே போகுது காட்சி.

அப்புறம் தெரியுது, அது ஒரு தாய். பேரு ஹோர்ட்டா. சுரங்கக்காரங்க உருண்டைக் கல்லுன்னு நினைச்சு உடைச்சதெல்லாம் அதோட முட்டைங்க. அந்த உடுப்பை யானோஸ் ப்ரொஹாஸ்காங்கற கலைஞர் முதல்ல செஞ்சுகிட்டு வந்து, தானே உள்ளே புகுந்து ஊர்ந்து காமிச்சார். அதைப் பார்த்துட்டுதான் கூன் கதையே எழுதினார். கம்பளத்தைச் சுருட்டி மேலே பீட்சாவைக் கொட்டின மாதிரி இருக்கும் பார்க்க. ஆனாலும் அது வலியில துடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரலை.

என் பையன் கூட உட்கார்ந்து பார்த்தான். பத்தாவது படிக்கிறான். முடிஞ்சதும் கேட்டான்: "அப்பா, அந்த 50 பேரோட வீட்டுல யாராவது கேட்டாங்களா? கிர்க் யாரு அவங்க சார்பா மன்னிக்கிறதுக்கு? கடைசியில அந்த ஜந்து சுரங்கம் தோண்டிக் குடுக்குது, லாபம் வருதுன்னதும் எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க. இது நியாயமா?"

ரெண்டு நாள் இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துது. அவன் சொல்றது தப்பில்லை. லாபம் இல்லாத எதிரியா இருந்தா அந்தச் சுரங்கக்காரங்க என்ன செஞ்சிருப்பாங்க? செத்தவங்களுக்காக எபிசோடு கடைசியில ஒரு நிமிஷம்கூட ஒதுக்கலை. அது உண்மை.

இத்தனைக்கும் அந்தக் கணக்கு தெரியாத தொடர் இல்லை இது. 1966 டிசம்பர்ல வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' பால் ஷ்னைடர் எழுதினது. கப்பல்ல ஒரு கல்யாணத்தோட ஆரம்பிக்கும். ரோமுலன் கப்பலோட சண்டை. அதுல கிர்க் சுடத்தான் செய்றார், வேற வழி இல்லை. ஜெயிச்சும் மாப்பிள்ளைப் பையன் செத்துப்போறான். கடைசிக் காட்சியில அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல கிர்க்குக்கு வார்த்தை கிடைக்காது.

பையனுக்கு என் பதில் 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்'லதான் கிடைச்சுது. ரெண்டு கிரகம் 500 வருஷமா கணினியிலேயே போர் நடத்துது. குண்டு எதுவும் விழாது. கணினி சொல்ற ஆளுங்க தாங்களே நடந்து போய் ஒரு கூண்டுக்குள்ள ஏறிச் செத்துடணும். ஊர் சுத்தமா இருக்கும், அதனால போரை நிறுத்த யாருக்கும் அவசரமும் இல்லை. நாங்க கொலைகார இனம், மாறமாட்டோம்னு அந்த ஊர்த் தலைவர் சொல்றார். கிர்க் அதை மறுக்கவே இல்லை. ரத்தத்துல இருக்கட்டும், ஆனா இன்னைக்குக் கொல்லலைன்னு முடிவு பண்ணலாமேங்கறார். அவ்வளவுதான். நாளைக்கு என்னன்னு நாளைக்குப் பார்த்துக்கலாம்.

சுரங்கத்துல கிர்க் செஞ்சதும் அதேதான்டா தம்பின்னேன். அவர் யாரையும் மன்னிக்கச் சொல்லலை. தடியோட வந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சார். பஞ்சாயத்துல பெரியவங்க ‘விடியட்டும், பேசிக்கலாம்’னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி. அந்தக் கொஞ்ச நேரம் கிடைச்சதாலதான் முட்டைன்னே தெரிஞ்சுது. துக்கமும் நியாயமும் அதுக்கு அப்புறமும் இருக்கும், சுட்டுட்டா கேக்கறதுக்கு ஆள் இருக்காது.

"அப்ப அந்த 50 பேர்?"னு மறுபடியும் கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

நாலாவது 'எரண்ட் ஆஃப் மெர்சி'. கூன் தன்னோட கேப்டனையே வாரிவிட்ட எபிசோடு. கிர்க்கும் க்ளிங்கான் தளபதியும் மோதத் தயாரா நிக்கும்போது, சாதுவா தெரிஞ்ச ஆர்கேனியன்ஸ் ரெண்டு பக்கத்து ஆயுதங்களையும் தொடமுடியாதபடி சூடாக்கிடறாங்க. எங்களைத் தடுக்க உங்களுக்கு என்ன உரிமைன்னு கிர்க்கும் சேர்ந்து கத்தறார். எதுக்கு உரிமை, லட்சக்கணக்கானவங்களைக் கொல்றதுக்கான்னு அமைதியா திருப்பிக் கேக்கறாங்க. கிர்க் மூஞ்சியைப் பார்க்கணுமே! கல்லுக்கத்தியைக் கீழே போட்டவர்தான் இவரும். ஒரு தடவை கையை இறக்கிட்டா அடுத்த தடவையும் தானா இறங்கிடாது போல.

மூணு சீசன்ல மொத்தம் 79 எபிசோடு. எல்லாத்தையும் பாருங்கன்னு சொல்லமாட்டேன், பாதி தாங்காது. இந்த நாலையும் வந்த வரிசையில, அரீனா, ஆர்மகெடான், டெவில், எரண்ட்னு நாலு ராத்திரியில பாருங்க. வீட்டுல பத்தாவது படிக்கிற பசங்க இருந்தா கூட உட்கார வைங்க. என் பையன் கேட்டதுக்கு உங்க வீட்டுல யாராவது பதில் சொன்னா எனக்கும் சொல்லுங்க.