மரத்துக்கு ஜாதகம் பார்க்கும் யந்திரம்

மனிதர்களுக்கு ஜாதகம் பார்ப்பதுண்டு. குதிரைக்கும் மாட்டுக்கும் சுழி பார்ப்பதுண்டு. மரத்தைப் போட்டோ பிடித்து, "இது விழுமா, விழாதா?" என்று பலன் சொல்லும் யந்திரமும் இப்போது வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்! எங்கள் தெருவிலேயே அந்த வைபவம் நடந்தது.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. பூர்வீகம் தென் அமெரிக்கா என்றாலும், சென்னை வீதிகளில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்து நம்மவராகிவிட்ட மரம். பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொண்டு தூங்கப் போய்விடும். 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் அடித்ததே, ஞாபகமிருக்கிறதா? நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் அன்று சாய்ந்தன. எங்கள் தெருவில் மட்டும் ஏழு. இது தப்பிப் பிழைத்தது. ஆனால் அன்று முதல் லேசாகத் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

அந்தச் சாய்வு தெருவையே இரண்டு கட்சியாக்கிவிட்டது. "வெட்டித்தான் ஆக வேண்டும். என் வீட்டு மேலே விழுந்தால் யார் ஜவாப் சொல்வது?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "மரத்தில் கோடரி பட்டால் நான் அதன் அடியிலேயே உட்கார்ந்து விடுவேன்" என்றார் மாடி வீட்டு வாத்தியார். மனு ஒன்று தயாராகி, என் கையெழுத்துக்காக வந்து சேர்ந்தது. மறுநாள் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் பிள்ளை விடுமுறைக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். "இதற்குப் போய்ச் சண்டையா மாமி? நாலு பக்கமும் போட்டோ எடுத்தால் போதும். யந்திரம் சொல்லிவிடும்" என்றான்.

"எப்படியடா சொல்லும்? எனக்கும் புரிகிற மாதிரி சொல்லு" என்று கேட்டேன்.

நன்றாகவே விளக்கினான். குழந்தைக்குப் படப் புத்தகத்தைக் காட்டி, "இது காக்கை, இது கிளி" என்று சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். மர வைத்தியம் தெரிந்த நிபுணர்கள் நூற்றுக்கணக்கான மரப் படங்களைப் பார்த்து, 'விழ வாய்ப்பு அதிகம்', 'விழலாம்', 'விழ வாய்ப்பில்லை' என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக் கழகத்தில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். தண்டின் சாய்வு, வெடிப்பு, பட்டுப்போன கிளை, பொந்து, அடியில் முளைத்த காளான் என்று எந்த அடையாளம் எந்தச் சீட்டோடு சேருகிறது என்பதை யந்திரம் தானே கண்டுபிடித்துக் கொள்கிறது. பிறகு புதுப் படம் ஒன்றைக் காட்டினால், எந்தச் சீட்டுக்கு எவ்வளவு பொருத்தம் என்று கணக்குச் சொல்கிறது.

"சரி, பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லிவிட்டால் போதுமா?" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இந்தக் கேள்வி சுலபமாகப் புரியும். நூறு மணியில் ஒன்றுதான் கல். "எல்லாம் அரிசிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் தொண்ணூற்றொன்பது சரியாகிவிடும். ஆனால் பல் போய்விடும். தெருவிலும் விழப் போகிற மரங்கள் கொஞ்சம், நல்ல மரங்கள் ஏராளம். நல்ல மரத்தைக் கெட்டதென்றால் ஒரு மரம் போகும். கெட்டதை நல்லதென்றால் ஓர் உயிரே போகலாம். இரண்டும் ஒரே தப்பாகுமா? "அதுதான் மாமி எங்களுக்கும் தலைவலி" என்று ஒப்புக்கொண்டான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் வாதுமை மரம் இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலத்தில், அதை அறியாத அயல்நாட்டு யந்திரம் பட்ட மரமென்று தீர்ப்புச் சொன்னால் ஆச்சரியமில்லை. எங்கே படித்ததோ அந்த ஊர் மரம்தானே அதற்குத் தெரியும்!

மரம் பேசாது என்கிறோம். ஜெர்மனியில் மாத்தெக் என்ற பௌதிக சாஸ்திரி, அது உடம்பால் பேசுகிறது என்கிறார். உள்ளே பலவீனம் உண்டானால், அந்த இடத்தில் மரம் கூடுதலாகக் கட்டை வளர்த்துப் புடைத்துக் கொள்ளுமாம். அந்தப் புடைப்பைப் போட்டோ பிடிக்கலாம். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் வேரை? எங்கள் தெருவில் கேபிளுக்கென்று ஒரு தடவை, குழாய்க்கென்று ஒரு தடவை தோண்டினார்கள். போதாக்குறைக்கு மரத்தின் கழுத்து வரைக்கும் சிமெண்டு. வேர் அறுந்த கதை எந்தப் படத்திலும் தெரியாது.

படம் எடுத்த அன்று ஒரு சங்கதி நடந்தது. மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். காலை ஏழு முதல் இருட்டுகிற வரைக்கும் இஸ்திரிக்காரர் அங்கேதான். "தண்டு மறைக்கிறது, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் அண்ணே" என்றான் பையன். அவரும் நகர்த்தினார். படம் சுத்தமாக விழுந்தது. யந்திரம் 'விழலாம்' என்று நடுச் சீட்டைக் கொடுத்தது.

எனக்குச் சுருக்கென்றது. விழுமா என்பது பாதிக் கேள்விதான். விழுந்தால் யார் மேலே, எவ்வளவு சேதம் என்பதல்லவா மீதி? மர நிபுணர்களும் இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிடுகிறார்களாம். ஆளில்லாத காட்டில் ஆடும் மரத்தால் யாருக்கு என்ன? தெருவில் இத்தனை வருஷம் சண்டை போட்டோமே, வீட்டையும் காரையும் பற்றிப் பேசினோமே தவிர, பகல் முழுவதும் அதன் கீழே நிற்கிறவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"நீங்கள் வேறே இடம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கரிப் பெட்டியைக் கையிலே வச்சுக்கிட்டுச் சித்திரை வெயில்லே எங்கேம்மா நிக்கிறது? நிழலுக்குத்தானே இங்கே இருக்கேன்" என்றார்.

அந்தப் பழைய மனுவில் நான் கையெழுத்திடவில்லை. வேறு மனு எழுதினேன். தெருவில் இரண்டு கட்சியும் கையெழுத்துப் போட்டது. மர வைத்தியர் ஒருவர் வந்தார். கட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தண்டைச் சுற்றிக் கருவிகளைப் பொருத்தி, ஒலி உள்ளே போகும் வேகத்தை அளந்தார். உளுத்த கட்டையில் ஒலி தாமதமாகப் போகுமாம். நடுத்தண்டு திடமாக இருந்தது. தெருப்பக்கத்துப் பெரிய கிளைகள் இரண்டுதான் உளுத்திருந்தன. அனுமதி பெற்று அவற்றை இறக்கினார்கள். சிமெண்டை உடைத்து வேருக்கு மூச்சு விட்டார்கள். வருஷத்துக்கொரு முறை பரீட்சை என்று ஏற்பாடு. இஸ்திரி வண்டி எங்கள் கேட்டுக்குள், போர்ட்டிகோ நிழலுக்கு வந்துவிட்டது.

யந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். நகரம் நிறைய மரம், பார்க்கிற நிபுணரோ நாலைந்து பேர். எதை முதலில் பார்ப்பதென்று வரிசைப்படுத்திக் கொடுத்தாலே பெரிய உபகாரம். தீர்ப்பை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வீட்டுக்குள் போய்விடக் கூடாது.

எதிர்வீட்டு அம்மாளுக்கு இன்னும் பூரண சமாதானம் ஏற்படவில்லை. ஆனாலும், பங்குனி வெயிலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அவள் எங்கே போய் நிற்கிறாள் என்பதை ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!